காற்று புகுந்த எலும்பு

2023 டிசம்பரில் ஓர் ஆய்வுக் கட்டுரை என்னிடம் மொழித் திருத்தத்துக்கு வந்தது. கணவருக்கு இங்கே தென்கொரியாவின் கியோங்சானில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை. நான் வீட்டில் இருந்தபடியே கொரிய ஆய்வாளர்கள் எழுதும் ஆங்கிலத்தைச் சரிசெய்து கொடுக்கிறேன். பேட்டரி, பாலிமர், மீன் வளர்ப்பு என்று ஏதாவது வரும். திருத்தி அனுப்பியதும் மறந்துவிடும். இந்தக் கட்டுரை 50 வயது தாண்டிய கொரியப் பெண்களின் எலும்புப்புரை நோய் பற்றியது. நடுவில் ஆபத்துக் காரணிகளின் அட்டவணை. வயது, உடல் எடை, மாதவிடாய் நின்ற வயது, பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை, குடும்பத்தில் யாருக்காவது எலும்பு முறிந்ததா, கால்சியம், வைட்டமின் டி, உடற்பயிற்சி, புகை, மது. இவற்றுக்கு நடுவே ஒரு வரி: கல்வி, தொடக்கப்பள்ளி அல்லது அதற்கும் கீழே. அந்த வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. தாண்டிப் போயிருக்க வேண்டும், முடியவில்லை. பள்ளிக்கூடம் போகாததற்கும் எலும்பில் ஓட்டை விழுவதற்கும் என்ன சம்பந்தம்? அதைவிட, அந்த வரியைப் படித்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் இருட்டாகக் கிடந்தது. இரண்டே வருடம் பள்ளிக்குப் போன ஹல்மொனி, இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஹல்மொனி என்றால் பாட்டி. எங்கள் வீட்டுக்காரம்மா. அவர் என்னைக் கூப்பிடுவது 'சேடேக்' என்று. புதுப்பொண்ணு என்று அர்த்தம். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. இருந்தாலும் அவருக்கு நான் சேடேக்தான். 1945-இல் பிறந்தவர். முதுகு முன்பக்கமாக நன்றாக வளைந்து, நடக்கும்போது முகம் தரையைப் பார்க்கும். வெளியே போவதென்றால் பேரப்பிள்ளையின் பழைய குழந்தை வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போவார். கொரியக் கிராமங்களுக்கு வந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்: குழந்தை இல்லாத குழந்தை வண்டிகள், அவற்றின் கைப்பிடியில் சாய்ந்தபடி வரிசையாகப் போகும் பாட்டிகள். வந்த புதிதில் நான் அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த வளைவு முழுவதும் எலும்புப்புரையால் வந்தது என்று சொல்ல முடியாது. நாற்பது ஐம்பது வருடம் வயலில் குந்தி உட்கார்ந்தே வேலை செய்ததில் முதுகுத் தசைகள் தளர்ந்துபோவதும் ஒரு காரணம். ஆனால் அதற்குள்ளே, வலிக்காமலே நொறுங்கி அப்பளம்போல் தட்டையான முதுகெலும்புகளும் பல பாட்டிகளுக்கு இருக்கும். இளமையில் இருந்த உயரத்தைவிட நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அவர் விழுவதற்கு முந்தின நாள் கிம்ஜாங். குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சியை மொத்தமாகப் போடும் நாள். முற்றத்தில் உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் மலைபோல் குவிந்திருந்தது. எனக்கு முள்ளங்கி துருவும் வேலை. ஒரு முள்ளங்கியை நறுக்கியதும் ஹல்மொனி வாங்கிப் பார்த்து ஓரமாகப் போட்டார். வெளியே வழவழவென்று நல்ல கனமாகத்தான் இருந்தது. உள்ளே வெண்மை மங்கி, பஞ்சு பஞ்சாக, விரலால் அழுத்தினால் அமுங்கியது. “இதுக்குக் காத்து புகுந்திருச்சு” என்றார். முள்ளங்கி இப்படி ஆனால் கொரிய மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம் கையுறையைக் கழற்றாமலே தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, “என் எலும்பும் இப்படித்தான், சேடேக். காத்து புகுந்தது” என்றார். எலும்புக்கும் அதே பேச்சுதான். நான் தலையாட்டிவிட்டு அடுத்த முள்ளங்கியை எடுத்தேன். வயசானவர்கள் பேசுகிற பேச்சு என்று நினைத்தேன்.

மருத்துவப் பெயரும் கிட்டத்தட்ட அந்த முள்ளங்கிதான். கோல்தாகொங்ஜுங்: எலும்பு, பல, ஓட்டை, நோய் என்று நாலு துண்டு. பெயரைக் கேட்டாலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். நம் பக்கம் எலும்புப்புரை என்ற நல்ல சொல் இருந்தும், பேச்சில் வருவது எலும்புத் தேய்மானம். முழங்கால் மூட்டு தேய்வதற்கும் அதையே சொல்கிறோம், எலும்பு உள்ளுக்குள் பொக்கையாவதற்கும் அதையே சொல்கிறோம். என் அம்மாவே மூட்டுவலி இல்லாததால் தனக்கு எலும்புத் தேய்மானம் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். மூட்டு தேய்ந்தால் வலித்துக் காட்டிக்கொடுக்கும். எலும்பு பொக்கையானால் முறிகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலையில் முற்றத்தைக் கழுவும்போது ஈரமான ஓர் இலையில் கால் வழுக்கி, பக்கவாட்டில் சாய்ந்தார். மாடியிலிருந்தோ படியிலிருந்தோ இல்லை, நின்ற இடத்திலேயே. அவர் அவ்வளவு குனிந்து நிற்பவர், தரைக்கும் அவருக்கும் இடையில் பெரிய தூரமே கிடையாது. சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்க முயன்றபோது வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, இடது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. அன்றைக்கே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். கொரியாவில் இடுப்பு முறியும் முதியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார். அது எனக்கு அப்போது தெரியாதிருந்தது நல்லதுதான்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

கட்டுரையைத் திருத்தும்போது அதில் மேற்கோள் காட்டியிருந்தவற்றையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வேலைக்கு அது தேவையில்லை, மனசு கேட்கவில்லை. கொரிய அரசு நாடு முழுவதும் நடத்தும் உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வில் 2008 முதல் 2011 வரை எலும்பு அடர்த்தியையும் டெக்ஸா ஸ்கேனில் அளந்தார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களில் சுமார் 37 சதவீதம் பேருக்கு எலும்புப்புரை. அதே வயது ஆண்களில் 7 சதவீதத்துக்குச் சற்று மேல். பெண்களில் இன்னொரு பாதிப் பேருக்கு நோய் என்று சொல்லும் அளவுக்குப் போகாத அடர்த்திக் குறைவு. அதாவது எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் ஏழில் ஒருவர் அளவுதான். 70 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் மூன்றில் இரண்டு பேருக்கு எலும்புப்புரை. காலையில் எங்கள் தெருவில் குழந்தை வண்டி தள்ளிப்போகும் பாட்டிகளை ஜன்னலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். அதற்கப்புறம் அவர்களைப் படம் பிடிக்கத் தோன்றவில்லை.

நோயா இல்லையா என்று பிரிப்பது டி ஸ்கோர் என்கிற ஓர் எண். ஆரோக்கியமான இளம்பெண்களின் சராசரி அடர்த்தியை பூஜ்யமாக வைத்து, அதிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறோம் என்று பார்ப்பது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் போட்ட கோடு. மைனஸ் 1-க்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் அடர்த்திக் குறைவு. கோடு தேவைதான், எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும். ஆனால் எலும்புக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. மைனஸ் 2.4-இல் இருக்கும் பெண்ணுக்கும் மைனஸ் 2.6-இல் இருக்கும் பெண்ணுக்கும் ஈரமான முற்றத்தில் விழுந்தால் நடப்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது. இந்தக் கோட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

எலும்பு என்பது சின்ன வயதில் போட்டுவைத்த சேமிப்பு மாதிரி. முப்பது வயது வாக்கில் அது உச்சத்துக்கு வந்துவிடும். அப்புறம் எடுப்பதுதான் அதிகம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைவதால், எலும்பைக் கரைக்கும் செல்களுக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது. அடுத்த சில வருடங்களில் கரைவது வேகமெடுக்கிறது. ஆக, ஒரு பெண்ணின் எழுபது வயது எலும்பைப் புரிந்துகொள்ள அவளுடைய ஏழு வயதுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அட்டவணையை ஹல்மொனியோடு வாசித்தது

மறுவாழ்வு மருத்துவமனைக்கு வாரம் இரண்டு தடவை போவேன். கட்டிலை ஒட்டி உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, அந்த அட்டவணையை மனசுக்குள் வரி வரியாக நிரப்பிக்கொண்டிருந்தேன்.

கொரியப் போர் தொடங்கியபோது அவருக்கு ஐந்து வயது. சண்டை நக்டோங் ஆறு வரைக்கும் வந்தது. அவர் ஊர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்பதால் வீடு எரியவில்லை. ஆனால் அகதிகள் வந்து நிரம்பி, இருந்த சோறும் பங்காகிப் போனது. போர் நின்ற பிறகும் வசந்த காலத்தில் பொரித்கொகே வரும். வாற்கோதுமை மேடு என்று பொருள். பழைய நெல் தீர்ந்து, வயலில் வாற்கோதுமை இன்னும் விளையாமல் இருக்கும் அந்தச் சில வாரங்களை ஒரு மலையேற்றமாக நினைத்து வைத்த பெயர். பைன் மரத்தின் உள்பட்டையைச் சீவி வேகவைத்துச் சாப்பிட்டதை ஹல்மொனி கையால் சீவிக் காட்டினார். அமெரிக்க உதவியாக வந்த பால் பவுடரைப் பள்ளியில் கொடுத்தார்களாம். குடித்ததும் வயிற்றைக் கலக்கியது. எலும்பு சேமிக்க வேண்டிய வயது முழுவதும் அப்படித்தான் போனது. இதற்கு அட்டவணையில் வரி இல்லை.

இரண்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. தொடக்கக் கல்வி கட்டாயம் என்று அப்போதே சட்டம் இருந்தது. ஆனால் தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார முடியாது. அண்ணன் படித்தான். இருபத்தோரு வயதில் கல்யாணம், நாலு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் அடுத்தது வயிற்றில் வரும்வரை தாய்ப்பால். கொரியாவில் நடந்த ஆய்வுகளில், மொத்தமாக மிக நீண்டகாலம் பால் கொடுத்த பெண்களுக்கு இடுப்புப் பக்கத்து முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது தெரியவந்திருக்கிறது. உடம்பு பாலுக்கான கால்சியத்தை எலும்பிலிருந்து எடுக்கும். பால் மறந்ததும் திரும்ப நிரப்பிக்கொள்ளும், நிரப்புவதற்குச் சாப்பாட்டில் இருந்தால். இருந்ததா? கொரியாவில் இன்றைக்கும் ஒருவர் சாப்பிடும் கால்சியம் நாளைக்கு சராசரியாக 500 மில்லிகிராம் அளவில்தான் நிற்கிறது. 50 தாண்டிய பெண்ணுக்குத் தேவை என்று அவர்களே வைத்திருப்பது 800.

ஹல்மொனி நெத்திலி உடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். செய்தித்தாளை விரித்து, காய்ந்த நெத்திலியின் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து கறுப்புக் குடலை எடுத்துவிட்டு, உடலை ஒரு பக்கம் சேர்ப்பார். சின்ன நெத்திலியைச் சோயாவிலும் சர்க்கரைப் பாகிலும் வதக்குவது பிள்ளைகளுக்கு, கணவருக்கு. பெரியதைக் கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீர்தான் தினசரி சூப்புக்கு. மீனை எடுத்துப் போட்டுவிடுவார். கால்சியம் மீனின் முள்ளிலேயே தங்கிவிடும், தண்ணீரில் இறங்குவது கொஞ்சம்தான். நாற்பது வருடமாக அவருக்குக் கிடைத்தது அந்தத் தண்ணீர். அதில் உப்பும் புளித்த சோயா விழுதும் சேரும். உப்பு அதிகமானால் சிறுநீரோடு கால்சியமும் வெளியேறும். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு உறவினர்கள் மாட்டெலும்பை நாள் முழுக்கக் காய்ச்சிய வெள்ளை சூப் கொண்டுவந்தார்கள். ஹல்மொனிக்கு ஒருவர் குசும்பா விதைப் பொடி கொண்டுவந்தார். எலும்பு சேரும் என்று நம்பிக்கை. எனக்கு ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் ஞாபகம் வந்தன. எலும்பு முறிந்தவளுக்கு எல்லா ஊரிலும் யாரோ ஒருத்தி அடுப்பு மூட்டுகிறாள்.

அந்தக் காகிதம்

திருப்பம் ஒரு பிளாஸ்டிக் உறையில் வந்தது. ஹல்மொனியின் மகள், நான் ஒன்னி, அதாவது அக்கா, என்று கூப்பிடுபவர், அம்மாவின் பழைய மருத்துவக் காகிதங்களை எல்லாம் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார். மருத்துவர் பழைய எலும்பு அடர்த்தி அளவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இருந்தது. கொரியாவின் தேசிய உடல்பரிசோதனையில் பெண்களுக்கு 66 வயதில் எலும்பு அடர்த்திச் சோதனை இலவசம். ஹல்மொனி 2011-இல் போயிருக்கிறார். மைனஸ் 2.7. வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு காகிதம். மைனஸ் 2.3. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பத்து வருடம் வெறுமையாக.

“மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?” என்று ஒன்னி கேட்டார்.

“சரியாப் போச்சுன்னு சொன்னாங்களே.”

“யார் சொன்னாங்க?”

ஹல்மொனி யோசித்தார். “இனிமே இதுக்குக் காப்பீடு வராதுன்னு சொன்னாங்க. நோய் இருந்தா காப்பீடு வரும். வராதுன்னா நோய் இல்லைன்னுதானே அர்த்தம்?”

ஒன்னி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அப்போது இருந்த விதி அப்படி. டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மருந்துக்குக் காப்பீடு. மருந்து வேலை செய்து எண் அந்தக் கோட்டைத் தாண்டி மேலே வந்துவிட்டால், காப்பீடு நின்றுவிடும். மருந்து பலன் கொடுத்ததே மருந்தை நிறுத்தக் காரணம் ஆகிவிடுகிறது. ரத்த அழுத்தம் மாத்திரையால் 120-க்கு வந்துவிட்டது என்று யாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை. கொரிய எலும்பு மருத்துவர்கள் இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024 மே மாதத்தில்தான் விதி மாறியது: எண் மைனஸ் 2.5-க்கும் மைனஸ் 2.0-க்கும் இடையில் ஏறி வந்தாலும் மொத்தம் மூன்று வருடம் வரை காப்பீடு தொடரும். ஹல்மொனி விழுந்து ஆறு மாதம் கழித்து.

சொந்தக் காசில் மருந்தைத் தொடர்ந்திருக்கலாம், கட்டுப்படியாகாத விலையில்லை. தொடரலாம் என்பது அவருக்குத் தெரியாது. அது மட்டுமில்லை. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் குனியாமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். ஹல்மொனி விடியற்காலையில் விழுங்கிவிட்டு நேரே இலந்தைத் தோட்டத்துக்குப் போய்க் களை பிடுங்கக் குனிந்திருக்கிறார். இடுப்பில் வார் போட்டுக் கட்டிய வட்டமான ஸ்பாஞ்ச் இருக்கையோடு, மடங்கி உட்கார்ந்து, இரண்டு மணி நேரம். நெஞ்சு எரிந்தது. மாத்திரையோடு வந்த தாளில் எல்லாம் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. அவர் பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பார், சொந்தப் பெயரை எழுதுவார். அந்தத் தாளை வாசிக்க அவரால் முடியாது. முடியாது என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. மருந்து நின்றபோது நெஞ்செரிச்சல் நின்றது. நிம்மதியாக இருந்தது என்றார்.

அன்றைக்கு இரவு மறுபடி அந்த அட்டவணையைத் திறந்தேன். கல்வி, தொடக்கப்பள்ளி அல்லது அதற்கும் கீழே. கட்டுரை எழுதியவரிடம் முன்பே இதைப் பற்றிக் கேட்டிருந்தேன். அது நேரடிக் காரணம் இல்லை, வறுமை, உணவு மாதிரி அளக்க முடியாத வேறு பலவற்றுக்கும் நிழல் மாதிரி என்று பொறுமையாக விளக்கினார். சரிதான். பைன் பட்டையும் முதுகில் கட்டிய தம்பியும் நெத்திலித் தண்ணீரும் அந்த நிழலில் இருக்கின்றன. ஆனால் எனக்கு இப்போது அது வெறும் நிழலாகப் படவில்லை. வாசிக்க முடியாத ஒரு தாள் நேராகவே எலும்புக்குள் போனதை நான் பார்த்துவிட்டேன். எடையையும் வயதையும் அவரவர் உடம்போடு வைத்துப் பேசலாம். இந்த வரியை அப்படிப் பேச முடியாது. ஒரு பெண் வாசிக்கக் கற்றுக்கொடுக்கப்படவில்லை என்பது அவளுடைய ஆபத்துக் காரணி என்றால், அவளிடம் கொடுக்கும் தாளை அவளுக்குப் புரியும்படி சொல்லாதவர்களும் அந்த வரியில்தான் இருக்கிறார்கள். மருந்துக் கடையில் ஒருவர், “பாட்டி, காப்பீடுதான் நிற்கிறது, நோய் நிற்கவில்லை” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

படித்தவர்களுக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் இல்லை. ஒன்னிக்கு அந்த வருடம் 54. அந்த வயதிலும் இலவசச் சோதனை உண்டு, 2018 முதல். அம்மா படுத்ததும் அவரும் போய்ச் செய்துகொண்டார். மைனஸ் 1.8. கல்லூரி படித்தவர், தேகுவில் அலுவலக வேலை, ஒரே பிள்ளை, பால் குடித்து வளர்ந்தவர். ஆனால் மெலிந்த உடம்பு, இருபது வயதிலிருந்தே சாப்பாட்டைக் குறைத்துப் பழக்கம். வெயிலில் இறங்கினால் முகத்தை மறைக்கும் தொப்பி, கையுறை, சன்ஸ்கிரீன். 2008-இல் எடுத்த கணக்கில் கொரியப் பெண்களில் 64 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை, அதிலும் வயலில் நிற்கும் பாட்டிகளைவிட இளம்பெண்களுக்குத்தான் அதிகக் குறை. அம்மாவுக்குப் பசியால் வந்தது மகளுக்கு வேறு வழியில் வருகிறது. ஆனால் மகள் தன் காகிதத்தைத் தானே வாசித்தார். மறுநாளே பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கச் சேர்ந்துவிட்டார்.

ஹல்மொனி தப்பினார். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. எலும்பு முறிந்துவிட்டதால் டி ஸ்கோர் எதுவானாலும் மூன்று வருடம் காப்பீடு உண்டு. இந்த ஊசியில் ஒரு கண்டிப்பு: தவணை தள்ளிப்போனால் கட்டிவைத்த எலும்பு படுவேகமாகக் கரைந்து, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கலாம். மருத்துவர் இதை ஹல்மொனியிடம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். நான் கூட இருந்தேன். ஹல்மொனி கேட்ட ஒரே கேள்வி, “தேதியை யார் ஞாபகம் வைக்கிறது?”

2024 இலையுதிர் காலத்தில் நடைவண்டியோடு நடக்க ஆரம்பித்ததும் ஊர்ப் பொதுக்கூடத்தில் நடக்கும் எழுத்து வகுப்புக்குப் போகத் தொடங்கினார். இந்தப் பக்கம் இந்த வகுப்புகள் பல ஊர்களில் உண்டு. தேகுவுக்கு அந்தப் பக்கம் சில்கோக்கில் இப்படி எழுதக் கற்ற ஐந்து பாட்டிகளின் கையெழுத்தை 2020-இல் கணினி எழுத்துருவாகவே ஆக்கியிருக்கிறார்கள். ஹல்மொனி அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, “என் எழுத்து அதுக்கு ஆகாது” என்றார், ஆனாலும் ஒரு வகுப்பும் விடவில்லை.

டிசம்பர் கடைசியில் புது நாட்காட்டியோடு கீழே கூப்பிட்டார். பெரிய பெரிய எண் போட்ட, சுவரில் மாட்டுகிற நாட்காட்டி. ஜனவரியில் ஒரு தேதியை வட்டம் போட்டிருந்தார். ஜூலைக்குப் புரட்டி அங்கேயும் ஒரு வட்டம். பென்சிலை நக்கிக்கொண்டு, வட்டத்துக்குக் கீழே 'எலும்பு ஊசி' என்று எழுதினார். கொரிய மொழியில் எலும்புக்கு 'ப்பியொ', நெல்லுக்கு 'பியொ'. எழுத்தில் வித்தியாசம், வாளி மாதிரி ஒரு சின்ன வடிவம் ஒன்றா இரண்டா என்பதுதான். அவர் ஒரு வாளிதான் போட்டிருந்தார். நெல் ஊசி. சொல்லலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே நாட்காட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். “அடடா” என்றார். அப்புறம் இடமே இல்லாத இடத்தில், வட்டத்தின் கோட்டின் மேலேயே, இன்னொரு வாளியை நெருக்கி வரைந்தார்.